400 கிலோஹெர்ட்ஸில் ஐ2சி தடுமாறுவது குறித்து

வணக்கம். 3.3 வோல்ட்டில் இயங்கும் உங்கள் வெப்ப உணரி, சில்லுகள் இரண்டு தடங்கள் வழியே தரவு பரிமாறும் ஐ2சி முறையில், 100 கிலோஹெர்ட்ஸில் ஒழுங்காகப் பதிலளிப்பதாகவும், 400-க்கு மாற்றியவுடன் பிழை வருவதாகவும், புல்-அப் மின்தடைகள் 10 கிலோஓம் என்றும் எழுதியிருந்தீர்கள். நிரலில் குறை தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். குறை பெரும்பாலும் அந்த மின்தடைகளில்தான் இருக்கிறது.

ஐ2சி முறையில் சில்லுகள் தடத்தைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும், அதை மேலே ஏற்றுவது புல்-அப் மின்தடையின் வேலை என்பதால், தடத்தின் மின்தேக்குதிறன் கூடக்கூட அந்த ஏற்றம் மந்தமாகிறது. கம்பியையும் சில்லுகளின் முனைகளையும் சேர்த்து 100 பிகோஃபாரட் என்று கொண்டால், ஏற்ற நேரம் மின்தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கியதில் 0.85 மடங்கு, அதாவது ஏறத்தாழ 850 நானோ விநாடி. 100 கிலோஹெர்ட்ஸுக்கான வரம்பு 1000 என்பதால் அங்கே தப்பித்தீர்கள். 400-க்கோ 300 மட்டுமே. 2.2 கிலோஓம் பொருத்தினால் இது 190-க்குள் அடங்கிவிடும்.

அதற்காக 1 கிலோஓமுக்குக் கீழே போக வேண்டாம். 3 மில்லிஆம்பியரை மட்டுமே உள்வாங்க உறுதியளிக்கும் சில்லால் தடத்தைத் தாழ்நிலைக்கான 0.4 வோல்ட் வரை இறக்க முடியாமல் போகலாம். உணரிப் பலகையிலேயே புல்-அப் உண்டா என்றும் பாருங்கள், அது உங்களுடையதோடு பக்க இணைப்பாகச் சேர்ந்து மொத்த மின்தடையைக் குறைத்துவிடும். அலைக்காட்டி கிடைத்தால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) தடத்தின் ஏறுமுகத்தைப் பதிவு செய்து இங்கே இடுங்கள்.