பெரிய செலவே இல்லை, ஆனாலும் பணம் நிற்பதில்லை: சின்னச் சின்ன ஆசைச் செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது?

சம்பளம் பரவாயில்லை, பெரிதாக எதுவும் வாங்குவதில்லை, இருந்தும் 25ஆம் தேதிக்கு மேல் கணக்கில் ஒன்றும் இருப்பதில்லை, கண்ணில் பட்டதை வாங்கும் பழக்கத்தை எப்படி விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் முன்பு வரை நானும் இதே கதைதான். அதனால் அறிவுரையாக இல்லாமல், எனக்கு எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் எடுத்த ஆயுதம் வைராக்கியம். ஒன்றாம் தேதியிலிருந்து வெளியில் காபி கிடையாது, ஆன்லைனில் எதையும் பார்ப்பது கூடக் கிடையாது என்று சபதம். 11 நாள் ஓடியது. 12ஆம் நாள் வேலையில் ஒரு மோசமான கூட்டம் முடிந்து வெளியே வந்தவன், அந்தப் பதினோரு நாளில் மிச்சம் பிடித்ததை ஒரே சாயங்காலத்தில் செலவழித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். "இத்தனை நாள் வாயைக் கட்டியாயிற்றே" என்ற நியாயம் வேறு. முழுவதுமாக நிறுத்துகிறேன் என்பதை இனி யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மாத வங்கிக் கணக்கை அச்சடித்து வைத்துக்கொண்டு, அவசியம் இல்லாமல் வாங்கியதை எல்லாம் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டேன். முதல் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது, இரண்டாம் பக்கம் கிட்டத்தட்ட முழுக்க மஞ்சள். கூட்டிப் பார்த்தால் சம்பளத்தில் 17 சதவீதம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆனால் கணக்கு ஒன்றும் மாயமில்லை: சம்பளத்தில் அரை சதவீதம் விலையுள்ள ஒன்றைத் தினம் வாங்கினால் 30 நாளில் 15 சதவீதம் போயிருக்கும். ஒவ்வொன்றையும் வாங்கும்போது "அரை சதவீதம்தானே" என்றுதான் மனசு சொல்லும், அது பொய்யும் இல்லை.

அதைவிட முக்கியமானது, அவற்றை எந்த நேரத்தில் வாங்கினேன் என்பது. போனுக்கு வந்த வங்கிக் குறுஞ்செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் மாலை 4 மணியிலிருந்து 5 மணிக்குள், மீதியில் நிறைய இரவு 11 மணிக்கு மேல். அதாவது சாயங்காலம் நான் வாங்கியது காபியை இல்லை, நாற்காலியை விட்டு எழுந்து போக ஒரு காரணத்தை. இரவில் வாங்கியது தூக்கம் வராத நேரத்துக்கு ஒரு பொழுதுபோக்கு. வீட்டில் அப்போது முதல் இரண்டு பக்கம் மட்டும் எழுதிய ஏழு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. நோட்டுக்கு ஆசைப்பட்டு யார் ஏழு வாங்குவார்கள், நாளையிலிருந்து ஒழுங்காகிவிடுவேன் என்ற நினைப்பைத்தான் ஏழு தடவை வாங்கியிருக்கிறேன். மாலை நான்கு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து சும்மா பத்து நிமிடம் நடந்துவிட்டு வரத் தொடங்கியதில் அந்த மஞ்சளில் கணிசமான பகுதி தானாகவே காணாமல் போனது.

இதில் உங்கள் மேல் மட்டும் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். காசு கையை விட்டுப் போவது தெரியாதபடிதான் எல்லாமே அமைந்திருக்கிறது. ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999-லேயே காப்புரிமை வாங்கியது என்றால், அந்த இரண்டு மூன்று சொடுக்குகளின் மதிப்பு அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது பாருங்கள். பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்டச் சீட்டுகளை ஏலம் விட்டு ஒரு சோதனை செய்தார்கள், 2001-இல் வெளிவந்தது. கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்டவேண்டியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். படித்தவர்கள், கணக்குப் புரிந்தவர்கள், அவர்களுக்கே இந்தக் கதி.

சரி, என்ன செய்தேன்? ஷாப்பிங் செயலிகளில் சேமித்து வைத்திருந்த கார்டு விவரங்களை எல்லாம் அழித்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பையிலிருந்து கார்டை எடுத்துப் 16 எண்களையும் தட்டவேண்டும் என்றால், படுக்கையில் கிடக்கும் ஆளுக்கு அது பெரிய மலை. டெலிவரி இலவசம் ஆவதற்காக இன்னொரு பொருளைச் சேர்ப்பதையும் விட்டேன், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டக் கணக்கு.

இரண்டாவதாக, இந்தச் செலவுகளுக்கென்றே தனியாக ஒரு கணக்கு. இதில்தான் நிறையத் தடுமாறினேன். முதலில் சம்பளத்தில் 5 சதவீதம் போட்டேன், இரண்டாவது வாரமே தீர்ந்து, பெரிய கணக்கில் கை வைத்தேன். அப்புறம் 10 சதவீதம், மாதம் முழுமைக்கும் ஒரே தடவையாக. 9ஆம் தேதி அதுவும் காலி. கடைசியில் அதே 10 சதவீதத்தை நான்காகப் பிரித்துத் திங்கட்கிழமைதோறும் போகும்படி வைத்தேன் (ஐந்து திங்கள் வரும் மாதத்தில் ஐந்தாக), அதுதான் நின்றது. ஏன் வாரம் என்றால், ஒரு வாரத்தில் தப்பு செய்தால் தண்டனை இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுகிறது, மாதம் முழுக்கப் போச்சு, இனி என்ன என்று கைவிடத் தோன்றாது. இந்தப் பணத்தைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் செலவழிக்கலாம், அதற்குத்தானே ஒதுக்கியது. இப்போது 8 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறேன், அதற்குக் கீழே கொண்டுபோகும் உத்தேசம் இல்லை.

வாங்கத் தோன்றும் பொருளை, தேதியும் விலையும் போட்டு எழுதி மூன்று நாள் விட்டுவிடுகிறேன். ஜப்பானில் ககேய்போ என்று கையால் எழுதும் வீட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்று உண்டு, ஹனி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இல் வெளியிட்டதிலிருந்து வந்த பழக்கம். அந்த அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை, ஆனால் செயலியில் தானாகப் பதிவாவதைவிடக் கையால் எழுதும்போது உறைக்கிறது என்பது என் அனுபவம். போன மூன்று மாதத்தில் எழுதியது 23 பொருள், வாங்கியது 4. சிலவற்றை எதற்கு எழுதினேன் என்றே ஞாபகம் இல்லை.

ஒரு விஷயம், பட்ஜெட் போடும்போது வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் எடுத்து வையுங்கள். காப்பீடு, கல்விக் கட்டணம், யாராவது வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுக்கும் அன்பளிப்பு எல்லாம் எதிர்பாராத செலவு என்று நாமே பெயர் வைத்துக்கொள்கிறோம், அவை வராத வருடம் எது? அப்புறம், வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே வருமானம் போதாதவர்களிடம் போய்க் காபியை நிறுத்து என்று சொல்வது எனக்குப் பிடிக்காத பேச்சு. அங்கே இருக்கும் ஓட்டை வேறு. கேட்டவர் சம்பளம் பரவாயில்லை என்று சொன்னதால்தான் இவ்வளவும் எழுதினேன்.

வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிறீர்கள் என்றால் ஆளுக்கொரு தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் கணக்கை மற்றவர் நோண்டக் கூடாது. மனைவி அவள் பங்கில் என்ன வாங்குகிறாள் என்று நான் கேட்பதில்லை. போன வாரம் நான் எட்டாவது நோட்டு வாங்கி வந்தேன், அந்த வாரத்துப் பணத்தில்தான். மேஜை மேல் இருந்ததை எடுத்துப் பார்த்தாள், சிரித்தாள், வைத்துவிட்டுப் போய்விட்டாள்.