மகள் கேட்ட கேள்விக்குக் கோபப்படாதீர்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

மகள் பி.காம். முடித்துவிட்டாள், கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), இளநிலை உதவியாளர் போன்ற அரசு வேலைகளுக்கான குரூப் 4 தேர்வை எழுதச் சொன்னால் "அந்த வேலையெல்லாம் இன்னும் பத்து வருஷத்துல கம்ப்யூட்டரே செஞ்சிடும்ப்பா" என்கிறாள், அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் தேர்வு எழுதுவாளா மாட்டாளா என்பதைவிட, பேச்சு நின்றுபோனதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவள் கேட்டது நியாயமான கேள்வி. எதிர்த்துப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் 1989-ல் பணியில் சேர்ந்தவர். உங்கள் மனதில் இருக்கும் அரசு வேலை அந்தக் காலத்து வேலை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் ஊழியரும் சம்பளத்திலிருந்து பணம் கட்டும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். மத்திய அரசில் 2004 ஜனவரியில் தேசிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று இன்னொன்று சேர்ந்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் "ரிட்டையர் ஆனாலும் கவலை இல்லை" என்று உங்கள் பென்ஷனை வைத்து அவளுக்கு உறுதி கொடுக்க வேண்டாம். அவள் சேரும் வருடத்தில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ, அதுதான் கணக்கு.

சரி, கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருவோம். ஒரு வருமானச் சான்றிதழ் என்ன ஆகிறது என்று பாருங்கள். முன்பெல்லாம் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா ஆபீஸ் என்று அலைய வேண்டும். இப்போது இ-சேவை மையத்தில் பதிந்தால் மனு கணினி வழியாகவே அதே மூன்று மேசைகளுக்கும் போய், தாலுகா ஆபீஸ் அதிகாரியின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வந்துவிடுகிறது. பதிவேட்டில் எழுதுவது, நகலெடுப்பது, தபாலில் சேர்ப்பது என்று நடுவில் இருந்த வேலைகள் கரைந்துவிட்டன. மகள் சொல்வதில் இவ்வளவும் உண்மை.

ஆனால் கணவன் விட்டுப்போன ஒரு பெண், கைவிடப்பட்டோர் சான்றிதழ் கேட்டு மனு போடுகிறாள். அக்கம்பக்கத்தில் விசாரித்து, சொல்வது மெய்யா என்று பார்த்து, 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிப் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். திரையில் தெரிகிற விவரம் மட்டும் போதாது. நாளைக்கு வெள்ளம் வந்தால் எந்தத் தெருவை முதலில் காலி செய்வது என்று தெரிந்தவரும் அந்த விஏஓதான். களத்தில் போய் முடிவெடுக்கும் வேலைக்கு மதிப்பு கூடும், தட்டச்சு மட்டுமே என்றால் குறையும் என்பது என் கணிப்பு. ஆக, "அரசு வேலை வேண்டுமா, வேண்டாமா?" என்று பேசுவதைவிட "அதில் எந்த வேலை?" என்று பேசுவது நல்லது.

இன்னொன்றையும் அவளிடம் மறைக்க வேண்டாம். விசாரணை இல்லாமல் பொதுவாக யாரையும் பணிநீக்கம் செய்ய முடியாது என்று அரசியலமைப்பின் 311-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அது ஏற்கெனவே பணியில் இருப்பவருக்கு. காலியாகும் இடத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஒரு பக்கம் ஒப்பந்த நியமனங்கள் நடக்கின்றன. மேல்மட்டத்தில், வெளியிலிருந்து நிபுணர்களை எடுப்பதை 2018-ல் மத்திய அரசு முன்னெடுத்தது. 2024 ஆகஸ்டில் அப்படி 45 பதவிகளுக்கு வந்த விளம்பரம், இட ஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அதில் தனக்கு என்ன நிலைப்பாடு என்று உங்கள் மகள் யோசிக்கட்டும். அரசுப் பணிக்குப் போக நினைக்கும் பெண் இதைப் பற்றிப் பேசிப் பழகுவது நல்லதுதான்.

போட்டியையும் பார்த்துவிடுங்கள். 2025 குரூப் 4 அறிவிப்பில் இருந்தவை 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் கிடைக்காமல் போகலாம். அதனால், வேறு எதுவும் செய்யாமல் வீட்டிலேயே உட்கார்ந்து வருடக்கணக்காகப் படிப்பதை நான் ஆதரிப்பதில்லை. முழுநேரப் படிப்புக்கு ஒரு வருடம் போதும். அதற்குள் கிடைத்தால் சரி, இல்லையென்றால் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்து ஜிஎஸ்டி வேலை பழகிக்கொண்டே அடுத்த தேர்வை எழுதட்டும். பட்டதாரி என்பதால் குரூப் 2, வங்கித் தேர்வு எல்லாமே அவளுக்குத் திறந்திருக்கின்றன. எழுதுவது என்று முடிவானால், தமிழை மட்டும் அலட்சியமாக விட வேண்டாம். குரூப் 4-ல் தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வுபெற்ற உங்கள் நண்பர்களைக் கூப்பிட்டு அறிவுரை சொல்ல வைக்காதீர்கள். ஐந்தாறு வருடங்களுக்குள் பணியில் சேர்ந்த ஒருவரிடம், முடிந்தால் ஒரு பெண் விஏஓவிடம், மகளை அழைத்துப் போங்கள். காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார், எதற்கு இரவில் போன் வருகிறது, எங்கே அழுத்தம் வருகிறது, எந்த வேலை முடிந்தால் திருப்தியாக இருக்கிறது என்று அவளே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் பேசாமல் இருங்கள், அது கஷ்டம்தான். திரும்பி வரும் வழியில் "எப்படிம்மா இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "எனக்கு இது ஒத்துவராதுப்பா" என்று அவள் சொன்னால், அதை முடிவாக ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்க அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.