கேட்டா சொல்லுதேன்: போர்வெல்ல அடிக்கிற ஃப்ராக்சரும் அமெரிக்காக்காரன் தடை பண்ணுன ஃப்ராக்கிங்கும்

போன இதழ்ல குமரிக் கடல்ல எண்ணெய்க் கிணறு தோண்டப்போற விஷயத்த பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதி, அமெரிக்காவுல சில மாநிலத்துல ஃப்ராக்கிங்கயே (பூமிக்குள்ள தண்ணிய பிரஷர்ல அடிச்சு பாறைய நொறுக்கி கேஸ் எடுக்குறத) தடை பண்ணிட்டாங்கன்னு முடிச்சிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு வந்த கேள்விங்கதான் இந்த தடவ பூரா. சினிமா கேள்வி அனுப்புனவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுங்க மக்களே.

அண்ணாச்சி, எங்க வீட்டு போர்ல தண்ணி கொஞ்சமாத்தான் வருது. போர் போடுறவர் வந்து பாத்துட்டு "ஹைட்ரோ ஃப்ராக்சரிங் பண்ணுனா ஊத்து கூடும்"ங்கிறார். அமெரிக்காவுல இருக்க மகன்கிட்ட போன்ல சொன்னா, "ஐயோ அப்பா, அது இங்க பல இடத்துல தடை, தண்ணி கெட்டுப்போகும், வேண்டாம்"ங்கிறான். நான் யார நம்ப?
- வாசகர், திருவட்டார்

ரெண்டு பேரும் பொய் சொல்லல. பேரு ஒண்ணுதான், சமாச்சாரம் வேற.

நம்ம மாவட்டத்துல கடலோரத்து மணலையும் செம்மண்ணையும் விட்டா கீழ பூரா கெட்டிப் பாறை, அதுக்குள்ள தண்ணி நிக்கிறது வெடிப்புலதான், வெடிப்பு கிடைச்சா அதிர்ஷ்டம், கிடைக்கலன்னா 500 அடி போனாலும் புழுதிதான் பறக்கும். போர்காரர் செய்யப்போறது என்னன்னா, கேசிங் பைப்புக்குக் கீழ பாறை இருக்க எடத்துல பேக்கர்னு ஒரு ரப்பர் அடைப்ப இறக்கி ஊத வச்சு துளைய அடைச்சிடுவாங்க, பொறவு டேங்கர் தண்ணிய பம்பு வச்சு பலமான பிரஷர்ல கீழ அடிப்பாங்க, அப்போ சேறு அடைஞ்சு கெடக்க வெடிப்பு கழுவி விட்டு பக்கத்து வெடிப்போட சேர்ந்துக்கும். அடிக்கிறது வெறும் தண்ணி. குடிநீர் வடிகால் வாரியமே ஊத்து கொறஞ்ச போர்கள்ல இத செய்யுது.

மகன் சொல்றது வேற ஆட்டம், அதுதான் ஃப்ராக்கிங். அங்க ஷேல்னு அடுக்கடுக்கான களிப்பாறை, அதுக்குள்ள கேஸ் மாட்டிக்கிட்டு இருக்கும். ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் நேரா கீழ போய், அங்கிருந்து படுக்கை வசமா இன்னும் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் தோண்டி, தண்ணி மணல் கெமிக்கல் மூணையும் கலந்து அடிச்சு பாறைய நொறுக்குவாங்க. ஒரு கிணத்துக்கு 57 லட்சம் லிட்டர்ல இருந்து 6 கோடி லிட்டர் வரைக்கும் தண்ணி ஆகும்னு அமெரிக்க புவியியல் துறையே கணக்கு சொல்லுது. 12,000 லிட்டர் டேங்கர்ல கொண்டு வந்தா 6 கோடி லிட்டருக்கு 5,000 வண்டி, திருவட்டார்ல இருந்து மார்த்தாண்டத்தையும் தாண்டி லாரி லாரியா நிக்கும்.

அதனால தைரியமா பண்ணுங்க, ஆனா ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. செப்டிக் டேங்க் பக்கத்துல இருந்தா வேண்டாம், புதுசா திறக்குற வெடிப்பு நம்ம சொன்ன பேச்ச கேட்டு ஒரு பக்கமா மட்டும் போகாது. குளத்துத் தண்ணிய டேங்கர்ல மொண்டுட்டு வந்து அடிக்க விடாதீங்க, நல்ல தண்ணிதான் அடிக்கணும். கடல்ல இருந்து கூப்பிடு தூரத்துல வீடு இருக்கவங்க இந்த பதில படிச்சிட்டு போர்காரருக்கு போன் போட்றாதீங்க, ஊத்து கூடும், கூடவே உப்பும் வந்துரும்.

என் வீட்டுக்காரர் சவுதியில கேஸ் ஃபீல்டுல ஃப்ராக் குரூப்புல வேல பாக்காரு. "வெறும் தண்ணியும் மணலும்தான் பிள்ள, பயப்படாத"ங்காரு. லீவுக்கு வந்தா ஒரே இருமல். அது வெறும் தண்ணியும் மணலும்தானா?
- வாசகி, கருங்கல்

தங்கச்சி, இந்த கேள்விக்குத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு. நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆளு கல்ஃப்ல இருக்காரு, அங்க என்ன சுவாசிக்காருன்னு யாரும் கேக்கதில்ல, மாசம் பொறந்தா பணம் வந்துச்சான்னுதான் கேக்கோம்.

மொதல்ல அந்த மணல். பாறை வெடிப்பு மறுபடி மூடிக்காம இருக்க முட்டுக்கொடுக்கத்தான் மணல் அடிக்கிறாங்க, அது சாதா ஆத்துமணல் இல்ல, அநேகமா சுத்த சிலிக்கா. லாரில இருந்து மிஷினுக்கு கொட்டும்போது வெள்ளையா ஒரு புகை எழும்பும், அந்த தூசி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நைசா நெஞ்சுக்குள்ள போய் ஒக்காந்துக்கும். நம்ம கல்குவாரி, கிரஷர்ல வேல பாத்தவங்களுக்கு வர்ற அதே சிலிக்கோசிஸ்ங்கிற நுரையீரல் நோய்தான். அமெரிக்காவுல நியோஷ்னு தொழிலாளர் உடல்நலத்த ஆராயுற அரசு நிறுவனம் 5 மாநிலத்துல 11 எடத்துல அளந்து பாத்துட்டு 2012ல எச்சரிக்கையே விட்டாங்க, பல பேரு மூச்சுக்காத்துல தூசி அனுமதிச்ச அளவுக்கு மேல, சிலருக்கு பத்து மடங்குக்கும் மேல, அந்த அளவுக்குப் போனா பாதி முகம் மூடுற மாஸ்க்கும் பத்தாதுன்னு சொல்லிட்டாங்க. இவரு துண்ட கட்டிக்கிட்டு நிக்காராங்கிறத கேட்டுப் பாருங்க. அடுத்த லீவுல வந்ததும் கல்யாண வீடு, அடியந்திரம்னு சுத்தவிடாம மொதல்ல நெஞ்சு எக்ஸ்ரேயும் நுரையீரல் ஊதுற டெஸ்ட்டும் எடுக்க வைங்க. டாக்டர்கிட்ட இருமல்னு மட்டும் சொல்லாதீங்க, சிலிக்கா மணல்ல எத்தன வருஷம் வேலன்னு சொல்லணும், அத சொல்லலன்னா அவரு டிபின்னு நெனச்சு மாத்திரை குடுத்துருவாரு.

அடுத்தது தண்ணி. அவரு சொன்னது கணக்குப்படி சரி, நூத்துல 98, 99 பங்கு தண்ணியும் மணலும்தான். மிச்சம் ஒரு பங்குன்னே வச்சுக்கோங்க, 1 கோடி லிட்டர்ல ஒரு பங்குன்னா 1 லட்சம் லிட்டர். கிருமி கொல்லுறது, வழுவழுப்பு குடுக்குறது, ஆசிட், இப்படி. குடத்துல ஒரு சொட்டு மண்ணெண்ண விழுந்தா "99 பங்கு தண்ணிதான"ன்னு குடிப்போமா?

ஆனா தங்கச்சி, உள்ள அனுப்புறத விட பெரிய தலைவலி திரும்பி மேல வர்றதுதான். அடிச்ச தண்ணில ஒரு பங்கு, அதோட பாறைக்குள்ள கோடி வருஷமா கெடந்த உப்புத்தண்ணி எல்லாம் கேஸோட சேர்ந்து வரும். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துப் பக்கம் இருக்க மார்செல்லஸ்ங்கிற ஷேல் பாறைத் தண்ணி கடல் தண்ணிய விட அஞ்சாறு மடங்கு கூட கரிக்கும். அதுல பேரியம், ஸ்ட்ரான்சியம்னு உலோகங்க, போதாக்குறைக்கு கதிர்வீச்சு உள்ள ரேடியம். மணவாளக்குறிச்சி கருமணல பாத்து வளந்த நமக்கு கதிர்வீச்சுன்னா என்னன்னு பாடம் எடுக்க வேண்டியதில்ல, நம்ம மணல்ல இருக்க தோரியம் சிதைஞ்சு வர்ற சந்ததிதான் ரேடியம் 228, யுரேனியத்தோட சந்ததி 226, ரெண்டும் அந்த கழிவுத்தண்ணில உண்டு. அத சுத்திகரிச்சு ஆத்துல விட்டோம்னு சொன்ன ஒரு எடத்துல, பென்சில்வேனியாவுல பிளாக்லிக் ஓடையில, குழாய் கொட்டுற எடத்து அடிமண்ண 2013ல டியூக் பல்கலைக்கழகக்காரங்க அள்ளிப் பாத்தா, மேல்பக்கத்து மண்ண விட ரேடியம் 200 மடங்கு.

அங்க கேஸ் கிணத்துக்குப் பக்கத்துல குடியிருக்கவங்க உடம்பு பத்தியும் கொஞ்சம் சொல்லணும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அரசாங்கப் பணத்துல செஞ்ச ஆய்வு 2023ல வந்துது, கிணத்துக்கு ஒரு மைலுக்குள்ள இருந்த பிள்ளைங்களுக்கு லிம்ஃபோமாங்கிற புற்றுநோய் வர்ற வாய்ப்பு 5ல இருந்து 7 மடங்கு கூட, ஆஸ்துமா இருக்கவங்களுக்கு கடுமையா வர்றது 4, 5 மடங்கு கூட. ரத்தப் புற்றுநோய்க்கு தொடர்பு தெரியலன்னும் அதே ஆய்வு சொல்லுது, அதையும் மறைக்கக் கூடாது பாருங்க.

எந்தெந்த நாட்டுல எல்லாம் ஃப்ராக்கிங் தடை? தடை போட்டா பிரச்சன தீர்ந்துருமா?
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பரீட்சைக்கு கேக்குற மாதிரி இருக்கு, இருந்தாலும் சொல்லுதேன். பிரான்ஸ் 2011, பல்கேரியா 2012, அயர்லாந்து 2017. அமெரிக்காவுல மொத மாநிலம் வெர்மான்ட், 2012. நியூயார்க் 2014 டிசம்பர்ல அறிவிச்சுது, 2020ல சட்டமாவே ஆக்கிட்டாங்க. மேரிலாந்து 2017. இங்கிலாந்து கதை ஒரு கூத்து, 2019ல பிளாக்பூல் பக்கம் 2.9 ரிக்டர் நடுக்கம் வந்து நிறுத்துனாங்க, 2022 செப்டம்பர்ல லிஸ் டிரஸ் அம்மா பிரதமரா வந்து தடைய எடுத்தாங்க, அடுத்த மாசமே அந்தம்மா போயாச்சு, ரிஷி சுனக் வந்து மறுபடி தடை.

உன்னோட ரெண்டாவது கேள்விதான் தம்பி சரக்குள்ள கேள்வி. நியூயார்க்குல அப்போ சுகாதார கமிஷனரா இருந்த ஹோவர்ட் சுக்கர், என் குடும்பத்த அந்த மாதிரி எடத்துல குடிவைக்க மாட்டேன்னு வெளிப்படையா சொல்லித்தான் தடை வந்துது. நல்ல காரியம். ஆனா பக்கத்து பென்சில்வேனியாவுல தோண்டுன கழிவு எங்க வந்துது? அதே நியூயார்க்கு குப்பைக்கிடங்குக்கு! ஏன்னா எண்ணெய், கேஸ் கழிவ அபாயகரமான கழிவுப் பட்டியல்ல சேக்க வேண்டாம்னு 1988லயே அமெரிக்க சுற்றுச்சூழல் துறை விலக்கு குடுத்துருச்சு. பத்தாததுக்கு 2005 எரிசக்தி சட்டத்துல, டீசல் கலக்காத வரைக்கும், ஃப்ராக்கிங்க குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்துல இருந்தும் கழட்டி விட்டாங்க. நியூயார்க் தன் பங்குக்கு அந்த கழிவு ஓட்டைய அடைக்க 2020 ஆகிப்போச்சு. வெர்மான்ட்காரங்க கெட்டிக்காரங்க, 2012லயே தோண்டவும் கூடாது, வெளிய இருந்து அந்த கழிவுத்தண்ணிய கொண்டு வந்து சேக்கவும் கூடாதுன்னு ஒரே சட்டத்துல எழுதிட்டாங்க.

இது நமக்கு புரியாத விஷயமா என்ன? களியக்காவிளை செக்போஸ்ட்ட கேட்டா சொல்லும். கேரளாவுல கோழிக்கழிவு, ஆஸ்பத்திரிக் கழிவு கொட்ட முடியாதுன்னா அது ராத்திரி லாரி ஏறி நம்ம பக்கம் வருது, 2024 டிசம்பர்ல திருநெல்வேலியில கொட்டுனத தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித்தான் திரும்ப அள்ளிட்டுப் போனாங்க. தோண்டுறதுக்கு மட்டும் தடை போட்டுட்டு கழிவ விட்டுட்டா பாதி வாசல அடைச்ச மாதிரிதான், என் கட்சி அதுதான்.

பூமிக்குள்ளயே திருப்பி அடிச்சு ஒளிச்சு வைக்கலாமேன்னு கேப்ப. ஓக்லஹோமாவுல அப்படித்தான் செஞ்சாங்க, 2016 செப்டம்பர்ல பாவ்னி ஊர்ல 5.8 அளவுக்கு பூமி குலுங்கிச்சு. அங்க அடிச்சது பெரும்பாலும் எண்ணெயோட சேர்ந்து வர்ற உப்புத்தண்ணி, ஃப்ராக்கிங் தண்ணி அதுல கொஞ்சம்தான், ஆனா எந்தத் தண்ணியா இருந்தா என்ன.

நம்ம கடல்லயும் ஃப்ராக்கிங்தான் பண்ணப்போறாங்களா?
- வாசகர், குளச்சல்

அப்படி சொல்ல முடியாது, சும்மா பயத்த கிளப்பக் கூடாது. 2024ல அறிவிச்ச ஏலச் சுற்றுல குமரிக்குத் தெக்க ஆழ்கடல்ல மூணு பிளாக் ஓஎன்ஜிசிக்கு போயிருக்கு, அது ஆழ்கடல் துளையிடுறது, ஷேல் பாறைய நொறுக்குறது வேற. ஆனா கழிவுக் கேள்வி அங்கயும் அதேதான். துளை போடும்போது சேறும் பாறைத்தூளும் வரும், எண்ணெயோட உப்புத்தண்ணி வரும், அத எங்க விடுவீங்கன்னு கேக்கணும். இலங்கையோட போட்ட 1976 ஒப்பந்தத்துல இந்தியாவுக்குன்னு உறுதியான வாட்ஜ் பேங்க் மீன்வளம் நம்ம முனைக்கு நேர் தெக்கதான கெடக்கு. இன்னொண்ணு, 2020ல தமிழ்நாடு கொண்டு வந்த வேளாண் மண்டலச் சட்டத்துல ஷேல் கேஸ், மீத்தேன் எல்லாத்துக்கும் புதுசா அனுமதி இல்லன்னு இருக்கு, ஆனா அது டெல்டாவுக்கு. நெடுவாசல், கதிராமங்கலத்து சனங்க ரோட்டுல ஒக்காந்ததால அவங்களுக்கு கெடச்சுது. நம்ம மாவட்டம் அதுல இல்ல, நம்ம கடலும் அதுல சேரவே இல்ல.

வீட்டுக்கு கேஸ் வேணும், கிணறு மட்டும் வேண்டாமா? நல்லா இருக்கு உங்க நியாயம்!
- வாசகர், தக்கலை

குத்துறீங்க, குத்து வாங்கிக்கிடுதேன். நம்ம நாட்டு சமையல் கேஸ்ல பாதிக்கு மேல இறக்குமதி, அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வர்ற இயற்கை எரிவாயு வேற இருக்கு, அந்த நாட்டு கேஸ்ல பெரும்பங்கு ஃப்ராக்கிங் பண்ணி எடுத்ததுதான். அதனால எங்கயோ ஒருத்தன் கிணத்துத் தண்ணி கெட்டதுல நமக்கும் பங்கு உண்டு. அதுக்காக நம்ம கிணத்தையும் கெடுத்து கணக்க நேராக்கணுமா?

எங்க ஊருல இதுவரைக்கும் ஒண்ணும் வரல. வர்றதுக்கு முன்னாடியே கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணி வச்சா உபயோகம் உண்டா?
- வாசகி, மணவாளக்குறிச்சி

உண்டு, இருக்கதுலயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். பென்சில்வேனியாவுல கம்பெனிக்கும் சனங்களுக்கும் நடந்த சண்டையில பாதி இதுலதான் மாட்டுச்சு, "உங்க கிணறு முன்னாடியே அப்படித்தான் இருந்துது"ன்னு கம்பெனி சொன்னா இல்லன்னு காட்ட கையில பேப்பர் வேணும்லா. எண்ணெய்க் கிணறுக்கு மட்டும் இல்ல, குவாரி வந்தாலும் இறால் பண்ணை வந்தாலும் இது உதவும். மொத்த உப்பு, குளோரைடு, கடினத்தன்மை, நைட்ரேட், முடிஞ்சா பேரியமும் ஸ்ட்ரான்சியமும். உங்க ஊர் மண்ணுக்கு கதிர்வீச்சு அளவும் பாத்துடுங்க, ஏற்கனவே இருக்கது எவ்வளவுன்னு தெரியாம பொறவு கூடுச்சான்னு எப்படி சொல்ல? கோடையில ஒண்ணு, மழை முடிஞ்சு ஒண்ணு, தேதி போட்டு ரிப்போர்ட்ட பத்திரமா வைங்க, ரேஷன் கார்டு இருக்க அதே கவர்ல.

டெஸ்டுக்கு தண்ணி கோரும்போது அந்தக் கிணத்துத் தண்ணியாலயே பாட்டில மூணு தடவ அலசிட்டு நெறச்சு மூடணும். நான் லேப்ல இருந்த காலத்துல ஒருத்தர் மாம்பழ ஜூஸ் பாட்டில்ல கொண்டு வந்து, ரிப்போர்ட்ல சர்க்கரை காட்டுதேன்னு என்கூட சண்டைக்கு நின்னாரு.