உளுந்து ஊறிய தண்ணீர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. ஓசூரில் வேலை. டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று வாங்கி மூன்று மாதமாக நானே இட்லிக்கு அரைக்கிறேன். அம்மா போனில் சொன்ன அளவுதான்: நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஐப்பசியில் சுமாராக வந்தது. மார்கழி பிறந்ததும் மாவு அசையவே மாட்டேன் என்கிறது, இட்லி கல்லு மாதிரி. அரிசியை மாற்றினேன், உளுந்தைக் கூட்டினேன், உப்பைக் குறைத்தேன், அவல் சேர்த்தேன். வாரம் ஒரு தினுசாக வருகிறது. அம்மாவைக் கேட்டால், "எல்லாம் கைப் பதம்தான்டா" என்கிறார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். கூட இருக்கும் நண்பர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடையில் மாவு பாக்கெட் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்கிறார்கள். அம்மா கைக்கு வருவது எனக்கு வராதா அக்கா?

– ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பி,

நோட்டை மூடிவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் ஒரே நேரத்தில் நாலு காரியத்தை மாற்றினால் அந்த நோட்டால் உங்களுக்கு எதையும் சொல்ல முடியாது. அவல் சேர்த்த வாரம் இட்லி மெத்தென்று வந்திருந்தால், அது அவலாலா, அன்றைக்குக் கொஞ்சம் வெயில் அடித்ததாலா? ஒரு தடவை அரைக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பொறுமை வேண்டும், வாரத்துக்கு ஒருமுறைதானே அரைக்கிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது கோத்தகிரியில். சுமார் 1,800 மீட்டர் உயரம். மார்கழியில் ராத்திரி அரைத்து வைத்த மாவு மறுநாள் மத்தியானம்கூட அப்படியே கிடக்கும். அரிசி டிரம்முக்குள் இறக்கி வைப்பேன், கம்பளி சுற்றுவேன், வெந்நீர் அண்டாவுக்குள் உட்கார்த்தி வைப்பேன். ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. போன மார்கழியில் ஶ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அம்மா வந்து ஒரு மாதம் இருந்தாள். என் வீட்டு அரிசி, என் வீட்டு உளுந்து, என் கிரைண்டர், அதே குளிர். அம்மா அரைத்து வைத்தால் விடியற்காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நான் அரைத்தால் இல்லை.

கை ராசி என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா கரண்டி போட மாட்டாள். முழங்கை வரை மாவுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, குழந்தைக்குத் தலை தேய்க்கிற மாதிரி கலப்பாள். கைச்சூடும் கையில் இருக்கும் நுண்ணுயிரும்தான் மாவைப் புளிக்க வைக்கிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் அவள் அரைத்த மாவையே இரண்டாகப் பிரித்து இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். ஒன்றை அவள் கையால் கலந்தாள். இன்னொன்றை நான் கரண்டியால் கலந்தேன். மாவு நின்ற மட்டத்தில் ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் போட்டு, காலையில் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. அம்மாவின் கைதான் என்று தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

யோசித்தால் அது சரிதான். இட்லி மாவைப் பொங்க வைக்கும் லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றி 1965-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. அது வெளியிடுகிற கரியமில வாயுதான் மாவைத் தூக்குகிறது. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த உயிர் உளுந்தோடும் அரிசியோடுமே வருகிறது. உறை ஊற்ற வேண்டியதில்லை.

அப்புறம் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, அம்மா அரைக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உளுந்தை நாலைந்து தண்ணீரில் நன்றாகக் கழுவினாள். மேலே இரண்டு விரற்கடை நிற்கிற மாதிரி நல்ல தண்ணீர் விட்டு ஊற வைத்தாள். அரைக்கும்போது அந்த ஊறல் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் அள்ளித் தெளித்தாள். நான் அத்தனை வருடமும் அதைச் சிங்கில் கொட்டிவிட்டு, குழாயில் வருகிற ஐஸ் மாதிரியான தண்ணீரைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இதை ஏன் எனக்குச் சொல்லவே இல்லை?" என்றேன்.

"இதுல சொல்றதுக்கு என்னடி இருக்கு? அதைப் போயி யாராச்சும் கொட்டுவாங்களா?" என்றாள்.

அவள் எதையும் மறைக்கவில்லை தம்பி. ஶ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் எந்தத் தண்ணீர் விட்டு அரைத்தாலும் காலைக்குள் மாவு பொங்கிவிடும். அதனால் அந்தத் தண்ணீருக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அவளுக்கே தெரிய வாய்ப்பில்லை. ஊறும் நேரத்திலேயே பெருக ஆரம்பித்துவிட்ட உயிர்கள் அதில் இருக்கின்றன. குளிர் ஊருக்கு வந்த பிறகுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த வாரம் பாதி உளுந்தை ஊறல் தண்ணீரிலும் பாதியைக் குழாய்த் தண்ணீரிலும் அரைத்து, மறுபடி டம்ளர், மறுபடி ரப்பர் பேண்ட். காலை ஏழு மணிக்கு ஒன்று இரண்டு விரல் உயர்ந்திருந்தது. இன்னொன்று மத்தியானம்தான் அசைந்தது. தண்ணீர் சில்லென்று இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும், இன்னும் செய்யவில்லை.

உங்கள் அம்மாவும் எதையோ இப்படிச் சொல்லாமல் விட்டிருப்பார். பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? அளவு கேட்காதீர்கள். அரைக்கிற அன்றைக்குக் கழுவுவதிலிருந்து மூடி வைப்பது வரை பக்கத்திலேயே இருங்கள். உளுந்து மாவில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா என்று பார்ப்பாரா? பார்க்காமலே அவருக்குத் தெரியுமா? கிரைண்டரை எப்போது நிறுத்துகிறார்? உப்பை எப்போது போடுகிறார்? எங்கள் ஊரில் வெயில் காலத்தில் அரைத்ததும் உப்புப் போட்டுவிடுவோம், சீக்கிரம் புளிக்காது. குளிர் காலத்தில் பொங்கிய பிறகு போடுவோம்.

பாக்கெட் மாவு வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு நானும் வாங்குவேன். ஆனால் அந்த மாவைப் பற்றி எழுதி வைக்க உங்கள் நோட்டில் ஒரு வரிகூட இருக்காதே.

இந்தச் சனிக்கிழமை அம்மா சொன்ன பழைய அளவுக்கே திரும்புங்கள். அரிசி, உளுந்து, வெந்தயம் எதையும் தொடாதீர்கள். ஊறல் தண்ணீரை மட்டும் கொட்டாமல் வையுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மாவு ஊற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஓசூரில் எத்தனை மணி நேரத்தில் எத்தனை விரல் ஏறியது என்று எனக்கு எழுதுங்கள். என் நோட்டிலும் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா