'கோ' சரி, 'வென்ட்' எங்கிருந்து வந்தது?

கேள்வி: 'வாக்' என்றால் 'வாக்ட்', 'ப்ளே' என்றால் 'ப்ளேட்'. 'கோ' மட்டும் ஏன் 'வென்ட்'? என் ஆறு வயது மகள் 'ஐ கோட்' என்கிறாள். எத்தனை தடவை திருத்தினாலும் கேட்பதில்லை.

பதில்: குழந்தையைத் திட்டாதீர்கள். இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளும் அப்படித்தான் சொல்கின்றன. விதியைத் தானே கண்டுபிடித்துவிட்டாள், விதிவிலக்கு மட்டும் பாக்கி.

'வென்ட்', 'கோ'வுக்குப் பிறந்த பிள்ளை இல்லை, தத்து வந்தது. திரும்பு, திசைமாறு என்ற பொருளில் 'வெண்ட்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. 'பண்டம்' என்பதில் வருகிற 'ட' போட்டுச் சொல்லுங்கள். 'செண்ட்' இறந்தகாலத்தில் 'சென்ட்' ஆவதுபோல, 'ஸ்பெண்ட்' 'ஸ்பென்ட்' ஆவதுபோல, 'வெண்ட்' 'வென்ட்' ஆனது. 'கோ'வுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த இறந்தகாலச் சொல் 'ஏயோடெ' மாதிரி ஒலிக்கும். அது மெல்ல வழக்கொழிந்தது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த இடத்தில் 'வென்ட்' நன்றாக உட்கார்ந்துவிட்டது. பறிகொடுத்த 'வெண்ட்' தனக்குப் புதிதாக 'வெண்டட்' என்று ஒன்றைச் செய்துகொண்டது. இன்று 'வெண்ட் ஒன்ஸ் வே' (தன் வழியே போவது) என்ற தொடருக்கு வெளியே அதைப் பார்ப்பது அபூர்வம்.

ஸ்காட்லாந்து மொழியில் 'கே' என்றால் போ, 'கேட்' என்றால் போனான். அவர்கள் உங்கள் மகள் கட்சி!

கேள்வி: மேனேஜரைக் கேட்டு போன் வந்தது. 'ஹி ஹேஸ் கான் டு பெங்களூர்' என்றேன். அவரோ பக்கத்து அறையில் இருந்தார், போய் வந்து இரண்டு நாள் ஆகிறது. என்ன தப்பு?

பதில்: 'ஹேஸ் கான்' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. போய்விட்டு வந்தவருக்கு 'ஹேஸ் பீன்'. தமிழில் 'அவர் காசிக்குப் போயிருக்கிறார்' என்றால் இப்போது காசியில் இருக்கிறார் என்றும் கொள்ளலாம், எப்போதோ போய் வந்தவர் என்றும் கொள்ளலாம். நமக்கு ஒரே சொல் போதும் என்பதால் வருகிற தடுமாற்றம் இது.

கேள்வி: 'கோ டு ஆபீஸ்' உண்டு, 'கோ டு ஹோம்' ஏன் இல்லை?

பதில்: 'வீடு திரும்பினான்' என்கிறோமே, 'க்கு' எங்கே போனது? அதே கதைதான். 'வீட்டை நோக்கி' என்ற பொருள் பழைய காலத்திலிருந்தே 'ஹோம்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. அண்ணன் வீடு, மாமா வீடு என்று இன்னாருடையது எனச் சொன்னால் 'டு' வந்துவிடும்.

கேள்வி: 'த மில்க் வென்ட் சவர்' என்கிறார்கள். பால் எங்கே போனது?

பதில்: நம் பால் திரிந்து 'போகிறதே', அங்கேதான்! அழுகிப்போனது, ஊசிப்போனது, மரத்துப்போனது என்று நாமும் 'போ'வை இப்படித்தான் துணைக்கு வைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்திலும் கெடுவதற்கே 'கோ' அதிகம் வரும்: 'கோ பேட்', 'கோ மேட்', 'கோ பிளைண்ட்'. கனவு பலித்தால் மட்டும் 'கம் ட்ரூ' என்று 'கம்' வந்துவிடும். எனக்குப் பிடித்த ஒற்றுமை இது, ஆனால் இதை நம்பி மொழிபெயர்க்க இறங்காதீர்கள். 'களைத்துப்போனேன்' என்பது 'ஐ வென்ட் டயர்ட்' ஆகாது. அங்கே 'காட் டயர்ட்'. வயதாவதற்கும் 'கெட்' தான். தலை வழுக்கையாவதற்கு 'கோ பால்ட்' என்று மறுபடி 'கோ'. ஏன் என்று கேட்டால் வழக்கம், அவ்வளவுதான்.

கேள்வி: 'அகோ' என்ற சொல்லுக்கும் 'கோ'வுக்கும் உறவு உண்டா, எழுத்து தற்செயலா?

பதில்: சொந்த ரத்தம். 'கழிந்துபோ' என்ற பொருளில் 'கோ'வை வைத்தே ஒரு பழைய வினைச்சொல் இருந்தது. 'கழிந்துபோன' என்னும் அதன் வடிவம் தேய்ந்து 'அகோ' ஆனது. 'த்ரீ இயர்ஸ் அகோ' என்றால் 'மூன்று வருடம் கழிந்துபோய்' என்பது போல. அதனால்தான் அது எண்ணிக்கைக்குப் பின்னால் நிற்கிறது. நம்மவர்கள் 'மூன்று வருடத்துக்கு முன்' என்பதை அப்படியே 'பிஃபோர் த்ரீ இயர்ஸ்' ஆக்கிவிடுகிறார்கள். என் முதல் வேலை விண்ணப்பத்தில் நானும் அதைத்தான் எழுதியிருந்தேன்.