கேமரா கேள்வி பதில்: மெமரி கார்டில் போன படங்கள் திரும்புமா?

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெமரி கார்டைப் பற்றியவை என்பதால், லென்ஸ் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் அளிக்கிறோம்.

என் தங்கையின் வளைகாப்புப் படங்கள் இருந்த 32 ஜிபி கார்டை, லேப்டாப்பில் ஏற்றிவிட்டதாக நினைத்துக் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டேன். அதன்பின் அதே கார்டில் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழைய படங்கள் கிடைக்க வழி உண்டா? வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. – வாசகி, கும்பகோணம்

பெரும்பாலான படங்கள் கிடைத்துவிடும். ஆனால் இந்த நொடியிலிருந்து அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. கார்டைக் கேமராவிலிருந்து வெளியே எடுத்து, அதன் பக்கவாட்டில் உள்ள சிறு லாக் பொத்தானைத் தள்ளிப் பூட்டி வைத்துவிட்டு, மற்றதைப் பிறகு படியுங்கள்.

சாதாரணமாகக் கேமராவில் ஃபார்மட் செய்யும்போது படங்களின் தரவு துடைக்கப்படுவதில்லை. எந்தக் கோப்பு கார்டின் எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்தெந்தப் பகுதிகளில் தொடர்கிறது என்ற பட்டியல் ஒன்று கார்டின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. ஃபார்மட் வெறுமையாக்குவது அந்தப் பட்டியலை மட்டுமே. படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்த இடம் காலியானது என்று கேமரா நம்புகிறது, அவ்வளவுதான். ஆகவே அடுத்து எடுக்கும் படம் அந்த இடத்தில் எழுதப்படும்போதுதான் பழைய படம் உண்மையில் அழிகிறது. உங்கள் கேமராவின் ஒரு ஜேபெக் படம் சுமார் 8 எம்பி என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு படங்கள் எடுத்துக்கொண்ட இடம் 100 எம்பிக்குள்தான் இருக்கும். ஃபார்மட்டுக்குப் பிறகு பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே எழுதப்படும் என்பதால், விழாவில் முதலில் எடுத்த சில படங்கள் போயிருக்கலாம். வளையல் அடுக்கிய படங்களும் அதற்குப் பிந்தையவையும் பத்திரமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மீட்பதற்குக் கேமராவைக் கேபிள் வழியாகக் கணினியில் இணைக்காதீர்கள். அப்படி இணைத்தால் பல கேமராக்கள் படங்களின் பட்டியலைத்தான் காட்டுமே தவிர, கார்டை ஒரு வட்டாகக் கணினிக்குக் காட்டாது. மீட்பு மென்பொருளால் உள்ளே தேட முடியாது. கார்டு ரீடர் வாங்கிக்கொள்ளுங்கள். செருகியதும் விண்டோஸ், ஃபார்மட் செய்யட்டுமா என்றோ, பிழைகளைத் தேடிச் சரிசெய்யட்டுமா என்றோ கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அந்தச் சரிசெய்தல் கார்டில் எழுதும். எழுதினால் நமக்கு இழப்பு.

இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் இந்த வேலைக்குப் போதுமானது. அது பட்டியலை நம்புவதே இல்லை. ஒவ்வொரு ஜேபெக் கோப்பும் குறிப்பிட்ட சில பைட்டுகளோடு தொடங்கும் என்பதால், கார்டை முதலிலிருந்து கடைசி வரை படித்து, அந்த அடையாளம் தெரியும் இடத்திலெல்லாம் ஒரு படம் தொடங்குவதாகக் கொண்டு அதை எடுத்துத் தருகிறது. இதனால் பழைய கோப்புப் பெயர்கள் திரும்பாது. ஆனால் எடுத்த நாளும் நேரமும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்திருப்பதால், அவற்றை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். அதன் திரை கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் மட்டும் கொண்டதாக இருக்கும். மிரள வேண்டாம், அம்புக்குறி விசைகளும் என்டர் விசையும் போதும். வட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கொள்ளளவைப் பார்த்து 32 ஜிபி கார்டுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மீட்ட படங்களைக் கணினியின் வட்டில்தான் சேமிக்க வேண்டும். அதே கார்டில் சேமித்தால் மீட்கும் படமே மீட்க வேண்டிய படத்தின் மேல் எழுதப்பட்டுவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கேனன் போன்ற சில கேமராக்களின் ஃபார்மட் திரையில் 'லோ லெவல் ஃபார்மட்' என்று தனியாக ஒரு தேர்வு இருக்கும். அதை நீங்கள் குறியிட்டிருந்தால் பட்டியலோடு தரவும் அழிக்கப்பட்டிருக்கும். அப்போது எந்த மென்பொருளாலும் பயன் இல்லை. தானாக அது தேர்வாகியிருக்காது என்பதால் நம்பிக்கையோடு தொடங்குங்கள். வீட்டில் சொல்வதை மீட்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முகூர்த்த நேரத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது பாட்டரி தீர்ந்து கேமரா அணைந்துவிட்டது. கார்டில் அந்தக் கோப்பு 3 ஜிபி அளவில் இருக்கிறது. ஆனால் எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை. மாங்கல்யதாரணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. – வாசகர், மதுரை

கோப்பு 3 ஜிபி காட்டுகிறது என்பதே நல்ல செய்தி. காட்சியும் ஒலியும் கார்டில் பதிவாகியிருக்கின்றன. எம்பி4, எம்ஓவி வகைக் கோப்புகளில், எந்தக் காட்சிச் சட்டம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவை நிறுத்தும்போது கடைசியாகத்தான் எழுதுகின்றன. பாட்டரி நடுவில் போனதால் அந்த அட்டவணை எழுதப்படவில்லை. அது இல்லாமல் பிளேயருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது.

முதலில், முழுதாக மின்னேற்றிய பாட்டரியைப் போட்டு, அதே கார்டை அதே கேமராவில் செருகி இயக்கிப் பாருங்கள். சில கேமராக்கள் அரைகுறையாக நின்ற பதிவைத் தாமே கண்டறிந்து சரிசெய்துகொள்ளும். அதற்கு முன் அந்தக் கோப்பைக் கணினியில் பிரதி எடுத்துவைப்பது அவசியம். எந்தச் சிகிச்சையும் பிரதியின் மேல்தான் நடக்க வேண்டும். கேமராவால் முடியவில்லை என்றால், அதே கேமராவில், அதே அளவு, அதே சட்ட வேகத்தில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அதன் அமைப்பைப் பார்த்து உடைந்த கோப்பின் அட்டவணையைப் புதிதாகக் கட்டித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அன்ட்ரங்க் என்பது அவற்றில் இலவசமானது. கடைசி ஓரிரு நொடிகள் போகலாம். முன்பணம் கேட்கும் மீட்புக் கடைக்குப் போவதற்கு முன் இதை ஒருமுறை முயன்றுவிடுங்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று 256 ஜிபி கார்டு ஒன்று வாங்கினேன். தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது புதிதாக எடுக்கும் படங்கள் கணினியில் பாதி சாம்பல் நிறமாகவோ, திறக்காமலோ போகின்றன. ஃபார்மட் செய்தால் மறுபடி கொஞ்ச நாள் சரியாகிறது. – வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் போலிக் கார்டுக்கே உரியவை. கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, தன் உண்மையான கொள்ளளவுக்குப் பதிலாக 256 ஜிபி என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உள்ளே 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். கேமராவும் கணினியும் கார்டு சொல்வதை நம்புகின்றன. உண்மையான இடம் தீரும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதன்பின் எழுதுவது எங்கும் பதியாது, அல்லது பழைய படங்களின் மேலேயே பதியும். கேமரா எந்த எச்சரிக்கையும் தராது என்பதுதான் இதில் கொடுமை. எடுத்தவர் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது நிகழ்ச்சி முடிந்திருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கார்டில் உள்ளவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு, ஃபார்மட் செய்து, விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் அல்லது மேக் என்றால் எஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். அது கார்டை முழுவதும் நிரப்பி, எழுதியதையே திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 20 எம்பி எழுதும் கார்டு என்றால் 256 ஜிபி நிரப்ப மட்டும் மூன்றரை மணி நேரம் ஆகும். படித்துச் சரிபார்ப்பது தனி. இரவில் ஓடவிட்டுவிட்டு உறங்கலாம். எந்தக் கடையில் வாங்கினாலும், எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும், புதுக் கார்டை முதல் நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்லும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொருளைத் திருப்பித் தருவதற்கான கெடு முடிவதற்குள் செய்தால் பணமும் திரும்பும்.

இந்தச் சோதனைக்கும் கொள்ளளவு சற்றுக் குறைவாகத் தெரிவதற்கும் தொடர்பில்லை. 64 ஜிபி கார்டைக் கணினி 59.6 என்று காட்டுவது ஏமாற்று அன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கங்களிலும் விண்டோஸ் 1024இன் பெருக்கங்களிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது.

பொத்தான் திறந்த நிலையில் இருந்தும் 'கார்டு லாக் ஆகியுள்ளது' என்று கேமரா சொல்கிறது. – வாசகர், நாகர்கோவில்

அந்தப் பொத்தானுக்கும் கார்டின் மின்சுற்றுக்கும் எந்த இணைப்பும் இல்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கேமராவின் துளையில் உள்ள ஓர் உணரிதான் பார்க்கிறது. பொத்தான் தளர்ந்திருந்தால் செருகும்போதே கீழே நகர்ந்துவிடும். உடைந்து விழுந்திருந்தால் கேமரா அதைப் பூட்டியதாகவே எடுத்துக்கொள்ளும். பூட்டிய கார்டையும் படிக்க முடியும் என்பதால் படங்களை ரீடர் வழியாக எடுத்துக்கொண்டு, புதுக் கார்டு வாங்கிவிடுங்கள். பொத்தான் இருந்த பள்ளத்தின் மேல் செலோடேப் ஒட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். டேப் உரிந்து கேமராவுக்குள் சிக்கினால் செலவு பலமடங்காகும். வேறு கார்டில் போட்டாலும் இதே செய்தி வந்தால் கோளாறு கேமராவின் உணரியில் இருக்கிறது.

என் கேமராவின் 4கே வீடியோவுக்கு 100 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறார்கள். கார்டின் மேல் 100 எம்பி என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனாலும் சில நொடிகளில் பதிவு நின்றுவிடுகிறது. வி90 கார்டு வாங்க வேண்டுமா? – வாசகர், திருச்சி

வேண்டாம். கேமரா சொல்லும் 100 என்பது மெகாபிட். கார்டு சொல்லும் 100 என்பது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் உங்கள் வீடியோவுக்கு நொடிக்கு 12.5 மெகாபைட்தான் தேவை. அப்படியானால் ஏன் நிற்கிறது? கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிடுவது படிக்கும் வேகம், அதுவும் அதிகபட்ச வேகம். வீடியோவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதுவும் எந்த நொடியிலும் குறையாத வேகம். அந்த உத்தரவாதம் சிறிய குறியீடுகளில் இருக்கிறது. யூ1 அல்லது வி10 என்றால் நொடிக்கு 10 மெகாபைட். யூ3 அல்லது வி30 என்றால் 30 மெகாபைட். உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள், யூ1 என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். வி30 கார்டு தாராளமாகப் போதும்.

வி60, வி90 கார்டுகள் யூஎச்எஸ்-2 வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பின்புறம் இரண்டாவது வரிசை உலோகத் தொடுபுள்ளிகள் இருக்கும். கேமராவின் துளை யூஎச்எஸ்-1 வகை என்றால் அந்த இரண்டாம் வரிசையைத் தொட அதில் எதுவும் இல்லை. கொடுத்த விலைக்கு ஏற்ற வேகம் வராது. ஏற்கெனவே வி30 வைத்திருந்தும் பதிவு நிற்கிறது என்பவர்கள், படங்களைப் பிரதி எடுத்துவிட்டுக் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக அழித்து அழித்துப் பயன்படுத்திய கார்டில் காலியிடம் துண்டு துண்டாகிவிடும், எழுதுவதும் மெதுவாகிவிடும்.

மேக் கணினியில் இணைத்து எல்லாப் படங்களையும் அழித்துவிட்டேன். கேமரா கார்டு நிரம்பிவிட்டது என்கிறது. – வாசகி, சென்னை

அழித்தவை குப்பைத் தொட்டிக்குப் போயின. அந்தத் தொட்டி கார்டிலேயே மறைந்திருக்கும் ஒரு கோப்புறை. கார்டு இணைந்திருக்கும்போதே டிராஷைக் காலி செய்தால் இடம் திரும்பும். இனி கணினியில் அழிக்காமல், பிரதி எடுத்ததைச் சரிபார்த்துவிட்டுக் கேமராவில் ஃபார்மட் செய்யுங்கள்.

திருமணங்களுக்குப் படம் எடுக்கிறேன். ஒரே 256 ஜிபி கார்டு நல்லதா, நான்கு 64 ஜிபி கார்டுகள் நல்லதா? – வாசகர், ஈரோடு

உங்கள் கேமராவில் இரண்டு துளைகள் இருந்தால் இந்தக் கேள்வியே வேண்டாம். இரண்டிலும் ஒரே அளவுக் கார்டுகளைப் போட்டு, ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும்படி அமையுங்கள். ஒன்று நிரம்பியபின் மற்றது என்ற அமைப்பில் வைத்திருப்பவர்கள், இரண்டாம் துளை தரும் பாதுகாப்பை இழக்கிறார்கள். ஒரு துளை மட்டும் என்றால் நான்கு கார்டுகளையே பரிந்துரைப்பேன். ஒன்று கெட்டாலும் மாப்பிள்ளை அழைப்பு போகும், முகூர்த்தம் மிஞ்சும். ஆனால் மண்டபத்துக் கூட்டத்தில் விரல்நக அளவுப் பொருளை மாற்றும்போது தவறவிடும் ஆபத்து இருக்கிறது. கார்டுப் பெட்டியில் காலிக் கார்டுகளைப் பெயர் தெரியும்படியும், நிரம்பியவற்றைத் தங்கநிறத் தொடுபுள்ளிகள் மேலே தெரியும்படியும் கவிழ்த்து வையுங்கள். அவசரத்தில் நிரம்பிய கார்டை எடுத்து ஃபார்மட் செய்யும் தவறு நேராது. மாற்றும்போது, கார்டு எழுதப்படுவதைக் காட்டும் சிறு விளக்கு அணையும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

அப்பா 2004இல் வாங்கிய டிஜிட்டல் கேமரா இன்னும் இயங்குகிறது. புதிய 32 ஜிபி கார்டு போட்டால் 'கார்டு பிழை' என்கிறது. – வாசகர், காரைக்குடி

கேமராவிலும் கார்டிலும் குறை இல்லை. 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி வகை 2006இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவுக்கு அந்த வகைக் கார்டோடு பேசும் முறை தெரியாது. ஃபார்மட் செய்தும் பயன் இல்லை. மேலே எஸ்டி என்று மட்டும் அச்சிட்ட, 2 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த பழைய கார்டைத் தேடி வாங்குங்கள். 1 ஜிபி கிடைத்தால் இன்னும் நிச்சயம். பழைய கார்டுகள் இன்றைய ரீடர்களில் தடையின்றிப் படிக்கும். 5 மெகாபிக்சல் படம் ஒன்று 2 எம்பி அளவில் இருக்கும் என்பதால், 1 ஜிபியிலேயே ஏறத்தாழ 500 படங்கள் எடுக்கலாம்.