இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய எகிப்து பற்றிய உங்கள் கட்டுரையில், பெரிய பிரமிடைக் கட்டியவர்கள் எகிப்தியத் தொழிலாளர்களே என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதியிருந்தீர்கள். கட்டுமானப் பொறியாளரான என் மைத்துனர் அதைப் படித்துவிட்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். சுமார் 23 லட்சம் கற்கள், 20 ஆண்டுகள். நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை நடந்தது என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரும்பே புழங்காத காலத்தில் இது நடக்கிற காரியமா என்கிறார். சாய்தளம் போட்டு ஏற்றியிருந்தால் அந்தச் சாய்தளமே இன்னொரு பிரமிடு அளவுக்கு வந்திருக்கும் என்கிறார். ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாதபோது, கல்லைக் காங்கிரீட்டைப் போல வார்த்திருக்கலாம் என்பதையோ, மறைந்துபோன ஒரு முந்தைய நாகரிகம் கட்டியது என்பதையோ ஏன் ஒதுக்க வேண்டும்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மைத்துனரின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு, கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் ஏறின என்ற நினைப்பின் மேல் நிற்கிறது. ஒரு கல் அடிவாரத்திலிருந்து புறப்பட்டுத் தன் இடத்தில் உட்கார இரண்டு மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று உட்கார வேண்டுமென்றால் எந்த நேரத்திலும் அறுபது கற்கள் வழியில் இருக்க வேண்டும். கல்லுக்கு இருபது பேர் இழுத்தாலும் 1,200 பேர்தான். வெட்டுபவர்கள், சாந்து குழைப்பவர்கள், ரொட்டி சுடுபவர்கள் என்று எல்லோரையும் சேர்த்தாலும் ஓர் அரசு தாங்கக்கூடிய எண்ணிக்கையே வரும். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய ஒரு லட்சம் பேர் என்ற கணக்கு தேவைப்படுவதே இல்லை.

சாய்தளத்தைப் பற்றிய அவருடைய எதிர்ப்பு இதைவிடக் கனமானது. பெரிய பிரமிடின் உயரம் கட்டி முடித்தபோது சுமார் 146 மீட்டர். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் உச்சிவரை ஒரே நேரான சாய்தளம் போட்டால் அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளும். அந்த மண்ணையும் கல்லையும் கொட்டி, பிறகு அள்ளி அகற்றுவது தனி ஒரு பெருவேலை. அதனால்தான் அப்படி ஒரே சாய்தளம் உச்சிவரை இருந்தது என்று இன்று எவரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரமிடு கூம்பும் வடிவம் என்பதால் மொத்தக் கன அளவில் எட்டில் ஏழு பங்கு அதன் கீழ்ப்பாதி உயரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு உயரம் எழும்பும்போதே எழுபது விழுக்காடு வேலை தீர்ந்துவிடும். அந்த உயரத்துக்குப் பெரிய சாய்தளம் வேண்டாம். பல பக்கங்களிலிருந்து சிறிய சாய்தளங்கள் போதும். முக்கியமான கல் குவாரியும் பிரமிடுக்குத் தெற்கே சில நூறு மீட்டர் தொலைவில்தான் இருந்தது.

இனி, ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை என்ற வாதம். எதைப் பற்றி ஒத்த கருத்து இல்லை என்று கேட்க வேண்டும். சாய்தளம் நேராகச் சென்றதா, சுவர்களைச் சுற்றி ஏறியதா, மேல் அடுக்குகளில் நெம்புகோல் எவ்வளவு பயன்பட்டது என்பவற்றில்தான் சண்டை. யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்பவற்றில் சண்டை இல்லை. ஒரு வீட்டைக் கட்டியபோது சாரத்தை எந்தப் பக்கம் கட்டினார்கள் என்று தெரியாததால் வீட்டைக் கட்டிய கொத்தனாரே இல்லை என்று ஆகிவிடாது. இது தெரியாமல் நடக்கும் குழப்பம் அல்ல என்றுகூட எனக்குச் சில நேரம் தோன்றுவதுண்டு.

யார், எப்போது என்பதற்கு இப்போது நம்மிடம் இருக்கும் சான்று கல் அல்ல, காகிதம். செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில், பெரிய பிரமிடைக் கட்டுவித்த மன்னர் கூஃபுவின் காலத்துத் துறைமுகம் ஒன்றில், பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலே தலைமையிலான குழு 2013-இல் பாப்பிரஸ் சுருள்களை, அதாவது நாணற்புல் காகிதச் சுருள்களைக் கண்டெடுத்தது. அவற்றில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. சுமார் நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவின் தலைவர் அவர். நைல் நதியின் எதிர்க்கரையில் உள்ள துராவில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றுகிறார், புறப்படுகிறார், இரவு இன்ன இடத்தில் தங்கினோம் என்று எழுதுகிறார், மறுநாள் பிரமிடு இருக்கும் இடத்தில் இறக்குகிறார், வெறும் படகோடு திரும்புகிறார், மறுபடியும் ஏற்றுகிறார். வியப்போ பெருமிதமோ எங்கும் இல்லை. லாரி ஓட்டுநரின் பயணக் குறிப்பைப் படிப்பது போலத்தான் இருக்கிறது. போகும் இடத்துக்கு அவர் எழுதும் பெயர் 'அகெத் கூஃபு', கூஃபுவின் அடிவானம். அது அந்தப் பிரமிடின் பெயரேதான். வழியில் இருந்த நீர்நிலையின் பொறுப்பாளராக மன்னரின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அங்காஃப் குறிப்பிடப்படுகிறார். கூஃபு ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் எழுதப்பட்ட குறிப்பு இது. வெளிப்புறக் கல் பதிக்கும் கட்டத்தைச் சேர்ந்தது.

இரும்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்தத் துறைமுகம் இருந்ததே சினாய்க்குச் சென்று செம்பு கொண்டுவரத்தான். சுண்ணாம்புக்கல்லுக்குச் செப்பு உளி போதும். கிரானைட்டுக்குப் போதாது, அதைக் கெட்டியான டோலரைட் பாறை உருண்டைகளால் இடித்து இடித்துத் தேய்த்தார்கள். அறுக்கும்போது செப்பு ரம்பத்துக்கு அடியில் மணலைப் போட்டார்கள். வெட்டியது ரம்பம் அல்ல, மணல். தெற்கு எகிப்தின் அஸ்வான் குவாரியில் பாதியில் விடப்பட்ட பெரிய ஒற்றைக்கல் தூணைச் சுற்றி இந்த இடிப்பின் குழிகளை இன்றும் பார்க்கலாம். அது பிற்காலத்தது என்றாலும் முறை மாறவில்லை.

வார்ப்புக் கொள்கையை முன்வைத்தவர் ஜோசஃப் தாவிதோவித்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவரை நான் கேலி செய்யமாட்டேன், ஏனென்றால் அவர் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னார். ஆனால் வார்ப்பதன் வசதியே ஒரே அளவில் கல் கிடைப்பதுதான். பிரமிடின் உட்கற்களோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை, இடைவெளிகளில் சாந்தும் சல்லியும் அடைத்திருக்கிறார்கள். பக்கத்துக் குவாரியில் கல்லைப் பிரித்தெடுத்த வாய்க்கால்கள் அப்படியே இருக்கின்றன. வார்க்கத் தெரிந்தவர்கள் மெரெரை எதற்காக நதிக்குக் குறுக்கே கல்லேற்ற அனுப்பினார்கள்?

மறைந்துபோன நாகரிகம் என்பதற்கு என் பதில் கூஃபுவின் தந்தை ஸ்னெஃபெரு. தஹ்ஷூரில் அவர் கட்டிய வளைந்த பிரமிடு சுமார் 54 பாகைச் சரிவில் தொடங்கி, நடுவழியில் 43 பாகையாகக் குறைக்கப்பட்டது; அடுத்து அவர் கட்டிய சிவப்புப் பிரமிடு தொடக்கத்திலிருந்தே அந்தக் குறைந்த சரிவில் எழுகிறது. கைதேர்ந்த வேற்றார் எவரோ வந்து கட்டிக்கொடுத்திருந்தால் இந்தத் தடுமாற்றம் எதற்கு? ஸ்னெஃபெரு தன் பிரமிடுகளில் அடுக்கிய மொத்தக் கல் மகனுடையதைவிட அதிகம். பெரிய பிரமிடு நிற்கும் கிசாவுக்கு வந்தபோது அந்த ஆட்கள் பழகியிருந்தார்கள்.

உங்கள் மைத்துனர் விவாதத்தைத் தொடர விரும்பினால் சராசரி இரண்டரை டன் கல்லை விட்டுவிட்டு, பிரமிடுக்குள் இருக்கும் மன்னர் அறையின் கிரானைட் உத்திரங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். உண்மையான கடினம் அங்கேதான். அஸ்வானிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் நதியில் வந்தவை. அவற்றில் சில ஐம்பது டன்னுக்கும் மேலானவை. அறையின் தரையே 43 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உத்திரங்கள் அதற்கும் மேலே. பல நூற்றாண்டுகள் கழித்து ஜெஹுதிஹோதெப் என்ற ஆளுநரின் கல்லறையில் வரைந்த ஓவியத்தில், கிட்டத்தட்ட அதே எடையுள்ள சிலை ஒன்றை மரச்சறுக்கில் வைத்து 172 பேர் நான்கு வரிசையாக இழுக்கிறார்கள். ஒருவர் சறுக்கின் முன்னால் நின்று நீர் ஊற்றுகிறார். அளவாக ஈரமான மணலில் இழுவிசை ஏறக்குறைய பாதியாகிறது என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 2014-இல் சோதித்துக் காட்டினார்கள். அது சமதரை; சரிவில் இன்னும் ஆள் வேண்டும். அவ்வளவு நீளமான கயிற்று வரிசை, சுவரைச் சுற்றி ஏறும் குறுகிய சாய்தளத்தின் மூலையில் எப்படித் திரும்பும்? அதனால் உத்திரங்களின் உயரம்வரையாவது நேரான சாய்தளம் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன். மூலைகளில் கம்பம் நட்டுக் கயிற்றைச் சுற்றித் திருப்பினார்கள் என்பவர்களுக்கு, எகிப்தின் ஹத்நூப் குவாரியில் 2018-இல் அறிவிக்கப்பட்ட, இருபுறமும் படிகளும் கம்பக்குழிகளும் கொண்ட கூஃபு காலத்துச் செங்குத்தான சாய்தளம் கொஞ்சம் துணை நிற்கிறது. இதில் உங்கள் மைத்துனர் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதுங்கள். பொறியாளரின் பதில் எனக்கு உண்மையாகவே உதவும்.